கிரவல் குழியிலிருந்து வானத்துக்குப் போகும் தண்ணீர்: கணக்கு வைப்பது யார்?

ஒரு சிறிய கணக்கோடு தொடங்கலாம்.

உலர் வலயத்தில் எங்கோ ஓர் இடத்தில் கிரவல் அகழ்ந்து விட்டுப்போன குழி ஒன்று இருக்கிறது. அதில் ஓர் ஏக்கர் பரப்பில் தண்ணீர் நிற்கிறது. சோளகம் வீசும் ஆடி மாதத்தில் அந்த நீர்மட்டம் ஆவியாதலால் மட்டும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வெயிலும் காற்றும் சேரும் மாதங்களில் இது மிகைப்படுத்திய எண் அல்ல. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். அதன்மேல் 5 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 20 கனமீற்றர், அதாவது 20,000 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் நான்கு நிரம்பும். ஒருவருக்கு நாளுக்கு 100 லீற்றர் என்று பார்த்தால் 200 பேரின் ஒருநாள் பாவனை.

இப்படி 150 நாட்கள் போனால் 30 இலட்சம் லீற்றர். 600 பவுசர்.

அதே மாதங்களில்தான் வடக்கிலும் கிழக்கிலும் வடமத்தியிலும் பிரதேச செயலகங்களும் பிரதேச சபைகளும் கிராமங்களுக்கு பவுசரில் குடிதண்ணீர் அனுப்புகின்றன. அனுப்பும் ஒவ்வொரு பவுசருக்கும் கணக்கு இருக்கிறது. எத்தனை குடும்பம், எத்தனை லீற்றர், எவ்வளவு டீசல் என்பதெல்லாம் பதியப்படுகின்றன. குழியிலிருந்து வானத்துக்குப் போகும் நான்கு பவுசருக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

கிரவல், மணல் அகழ்வு பற்றி நாம் எழுதுவது பெரும்பாலும் டிப்பர்களால் உடையும் வீதிகள், அனுமதிப்பத்திரம் இல்லாத அகழ்வு, குழிகளில் விழுந்து இறக்கும் பிள்ளைகள், கால்நடைகள் பற்றித்தான். அவை எழுதப்பட வேண்டியவை. இந்தக் கட்டுரை சத்தமில்லாமல் நடக்கும் இன்னோர் இழப்பைப் பற்றியது. அந்த இழப்பு எப்படி நிகழ்கிறது, எப்படி அளக்கலாம், எப்படிக் குறைக்கலாம், அதற்கு யாரைப் பொறுப்பாக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

எல்லாக் குழியும் ஒன்றல்ல

ஆவியாதலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் குழியில் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். இரண்டு வகைகள் உண்டு.

முதலாவது, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நின்றுவிடும் குழி. மேட்டுக்காணிகளில் செங்கிரவல் எடுக்கும் குழிகளில் கணிசமானவை இந்த வகை. மாரியில் மழைநீரும் சுற்றுப்புறத்திலிருந்து ஓடிவரும் வெள்ளமும் இதில் தேங்கும். அடியில் களி இருந்தால் சில மாதம் நிற்கும், பிறகு வற்றும். இங்கு வானத்துக்குப் போவது தேங்கிய மழைநீர். “வீணாய்ப் போன மழைதானே” என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த வெள்ளம் முன்னர் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். சரிவின் கீழே ஒரு சிறுகுளம் இருந்தால், குளத்துக்குப் போக வேண்டிய நீரை இந்தக் குழி வழியிலேயே பிடித்து வைத்திருக்கிறது.

இரண்டாவது, நிலத்தடி நீரைத் தொட்டுவிட்ட குழி. ஆற்றோரப் படிவுகளில் மணலும் பரல்கல்லும் எடுக்கும் குழிகள், கரையோர மணல் அகழ்வுகள், ஆழமாகத் தோண்டிய சுண்ணக்கல் அகழிகள் இப்படிப்பட்டவை. இவை கோடையிலும் முழுதாக வற்றுவதில்லை. அதைப் பார்க்கும்போது “நல்ல ஊற்று” என்று மனம் மகிழும். உண்மையில் மேற்பரப்பில் ஆவியாகும் ஒவ்வொரு மில்லிமீற்றரையும் சுற்றியுள்ள நிலத்தடி நீர் வந்து நிரப்புகிறது. அதனால்தான் மட்டம் இறங்காதது போலத் தெரிகிறது. இறங்குவது பக்கத்துத் தோட்டக் கிணறு.

இந்த இரண்டாவது வகைக் குழியை, இறைக்கும் இயந்திரம் ஒருபோதும் நிறுத்தப்படாத ஒரு கிணறாக நினைத்துப் பார்க்கலாம். அந்த இயந்திரத்தை ஓட்டுவது வெயிலும் காற்றும். மண்ணின் கீழே இருந்தபோது அதே தண்ணீரை வெயில் நேரடியாகத் தொடவில்லை. மேலிருந்த மண்ணும் மணலும் மூடியாக இருந்தன. அகழ்வு அந்த மூடியைக் கழற்றி விற்றுவிட்டது.

கரையோரத்தில் இன்னோர் ஆபத்தும் சேர்கிறது. மன்னார் தீவு, வடமராட்சி கிழக்கு போன்ற மணற்பாங்கான இடங்களில் நன்னீர் ஒரு வில்லைபோல உவர்நீரின்மேல் மிதக்கிறது. இலட்சிய நிலையில், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய விதி. திருப்பிச் சொன்னால், மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உவர்நீர் நாற்பது அடி ஏறக்கூடும். நிலத்தில் இது அப்படியே, உடனே நடக்காது. ஆனாலும் அப்படிப்பட்ட இடத்தில் அகலமாகத் திறந்துவிட்ட குழி எதைப் பணயம் வைக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த விகிதம் போதும். ஆவியாகும்போது உப்பு தண்ணீரோடு போவதில்லை, குழியிலேயே தங்கிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாநிலம் இதற்குச் சட்டம் வைத்தது

“ஆவியாவது இயற்கை. அதற்கு எப்படி ஒருவரைப் பொறுப்பாக்குவது?” என்ற கேள்வி நியாயமானது. இதே கேள்வி நீதிமன்றம் வரை போய் விடை கண்ட இடம் ஒன்று இருக்கிறது. அது அமெரிக்காவின் கொலராடோ மாநிலம்.

அங்கே தென் பிளாட் ஆறும் அதன் கிளையான கேஷ் லா பூடர் ஆறும் ஓடும் பள்ளத்தாக்குகளில் மணலும் பரல்கல்லும் தடித்த படிவுகளாகக் கிடக்கின்றன. டென்வர் நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் வளர வளர, கொங்கிரீற்றுக்கான கல் அந்த ஆற்றோரக் காணிகளிலிருந்து வந்தது. அகழ்ந்த இடமெல்லாம் குளங்களாயின. மேலிருந்து பார்த்தால் ஆற்றங்கரை நெடுக நீலச் சதுரங்கள். மீன்பிடிக்கவும் படகோட்டவும் அழகான இடங்கள்.

ஆனால் கொலராடோ வறண்ட நாடு. அங்கே ஆற்று நீருக்கான உரிமை “முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை” என்ற அடிப்படையில் இயங்குகிறது. 1876ஆம் ஆண்டின் மாநில யாப்பிலேயே இந்தக் கொள்கை இருக்கிறது. வறட்சி வந்தால் மூத்த உரிமை உள்ளவரின் வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும்வரை இளைய உரிமையாளர் தன் மதகை மூட வேண்டும். ஆற்றில் வரும் தண்ணீர் முழுவதும் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்ட இப்படியொரு இடத்தில், கரையோரம் புதிதாகத் தோன்றிய குளங்கள் யாருடைய பங்கைக் குடிக்கின்றன என்ற கேள்வி விவசாயிகளிடமிருந்து எழுந்தது. நிலத்தடி நீரும் ஆறும் அங்கே ஒன்றோடொன்று தொடர்புடையவை. குழியில் ஆவியாவது சில மாதமோ சில ஆண்டோ கழித்து ஆற்றில் குறையாகத் தெரியும்.

1988இல் அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்பளித்தது. இரண்டிலும் ஒரு பக்கம் கேஷ் லா பூடர் நீர்ப் பாவனையாளர் சங்கம். மறுபக்கம், ஒன்றில் திரீ பெல்ஸ் ராஞ்ச், மற்றதில் சீகன் என்ற மணல், கிரவல் நிறுவனம். நிலத்தடி நீரைத் திறந்துவிடும் கிரவல் குழி சட்டத்தின் பார்வையில் ஒரு கிணறு என்று நீதிமன்றம் சொன்னது. கிணறென்றால் அனுமதி வேண்டும். பங்கிடப்பட்டு முடிந்த ஆற்றுப்படுகை என்றால், எடுக்கும் நீருக்கு ஈடாக வேறு நீரை ஆற்றில் விட வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1989இல், சட்டசபை இதை ஒழுங்குபடுத்தி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1980 டிசம்பர் 31க்கு முன்னர் நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட குழிகளுக்கு ஆவியாதலுக்கான ஈட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அதற்குப் பிந்தியவை ஈடு செய்தே ஆக வேண்டும். பழைய குழிகளை மன்னித்து புதியவற்றைப் பிடித்த இந்த ஏற்பாடு ஒரு சமரசம். ஆனாலும் “குழியைத் திறந்தவரே ஆவியாகும் நீருக்குப் பொறுப்பு” என்ற கொள்கை அதோடு நிலைபெற்றது.

கணக்கை எப்படி எழுதுகிறார்கள்?

கொலராடோவின் நடைமுறையில் நமக்குப் பயன்படக்கூடியது அதன் கணக்கு முறை. அதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஒரு கிராமத்தின் கமக்காரர் அமைப்பே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்த இடத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓர் ஆண்டில் எவ்வளவு ஆவியாகும் என்ற எண். டென்வரைச் சுற்றிய சமவெளியில் அது ஏறத்தாழ 45 அங்குலம், ஒரு மீற்றருக்குச் சற்று மேல். பிறகு அதை மாதங்களுக்குப் பிரிக்கிறார்கள். 6,500 அடிக்குக் கீழுள்ள இடங்களுக்கு ஜனவரியில் 3 சதவீதம், ஏப்ரலில் 9, ஜூனில் 14.5, ஜூலையில் 15, ஒக்டோபரில் 7 என்று நிர்ணயித்த அட்டவணை உண்டு. 45 அங்குலத்தில் 15 சதவீதம் என்றால் ஜூலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5.5 மில்லிமீற்றர். நாம் தொடக்கத்தில் எடுத்த எண்ணுக்கு அருகில்தான் நிற்கிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே பனிக்காலத்தில் ஆவியாதல் மிகவும் குறைந்துவிடும். நம் உலர் வலயத்தில் அப்படியொரு நீண்ட ஓய்வு இல்லை.

அடுத்து வருவது நேர்மையான ஒரு கழிவு. குழி தோண்டுவதற்கு முன்னரும் அந்த நிலத்தில் புல்லும் செடியும் இருந்தன, அவையும் மழைநீரின் ஒரு பகுதியைக் குடித்தன. அந்தளவைக் கழித்த பின் எஞ்சுவதே குழியால் வந்த புதிய இழப்பு. ஆனால் ஆற்றோர மரங்களை வெட்டிவிட்டு “மரம் குடித்த தண்ணீரை மிச்சப்படுத்தினேன், அதை வரவில் வையுங்கள்” என்று கேட்க முடியாது. அப்படி வரவு வைக்கக் கொலராடோ சட்டம் இடம் கொடுப்பதில்லை. மரத்தை வெட்டித் தண்ணீர்க் கணக்கைச் சரிசெய்யும் வழியை அவர்கள் அடைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, அகழ்வின்போது போகும் தண்ணீர். கழுவிய கல்லோடும் மணலோடும் ஈரமாக வெளியேறும் நீரை எடையில் 4 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். நீரை இறைத்து வடியவிட்டு உலர் நிலையில் அகழ்ந்தால் 2 சதவீதம். நம் கணக்கில் ஒரு கியூப் ஏறத்தாழ 5 தொன் என்று வைத்தால், கழுவி ஏற்றும் ஒவ்வொரு கியூப்போடும் 200 லீற்றர் தண்ணீர் வெளியே போகிறது. தூசி அடங்கத் தெளிக்கும் நீரும் இதில் சேரும்.

இவற்றைக் கூட்டினால் ஈடு செய்ய வேண்டிய அளவு வரும். நிறுவனம் அதற்குப் பழைய வாய்க்கால் உரிமை ஒன்றை வாங்கலாம், நகரசபையிடமிருந்து தண்ணீரைக் குத்தகைக்கு எடுக்கலாம், தேக்கத்திலிருந்து ஆற்றுக்கு விடலாம். மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. அகழ்வு முடிந்து நிறுவனம் போய்விட்டால் அல்லது வங்குரோத்தானால் ஈட்டை யார் கொடுப்பது? குழி நிரந்தரம், நிறுவனம் நிரந்தரமில்லை. 2010இல் மாநிலத்தின் சுரங்க மீளமைப்புப் பிரிவு இதற்கு வழி செய்தது. நிலத்தடி நீரைத் திறப்பவர், குழியை மீள நிரப்புவதற்கோ நீர் ஊறாதபடி அடைப்பதற்கோ போதிய பிணைப்பணத்தை வைக்க வேண்டும், அல்லது ஈட்டுக்கான நீருரிமையை நிரந்தரமாக ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்று அறிவித்தது.

இழப்பைக் குறைக்கும் வழிகள்

ஈடு கொடுப்பதை விட இழப்பைக் குறைப்பது மலிவு. அதற்கான வழிகளைப் பயன் கூடிய வரிசையில் பார்ப்போம்.

முதலாவது, நீரைத் தொடாமல் நிறுத்துவது. இதற்குத் தேவை ஒரே ஒரு அளவீடு, ஆனால் அதைச் சரியான மாதத்தில் எடுக்க வேண்டும். ஆவணியில் வந்து பார்த்தால் நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும். அதை நம்பித் தோண்டினால் மார்கழியில் குழி நிரம்பும். மாரி முடிவில் நீர்மட்டம் அதிகம் உயர்ந்து நிற்கும்போது பக்கத்துக் கிணறுகளை அளந்து, அதற்கு மேலே அடித்தளம் இருக்கும்படி ஆழத்தை வரையறுப்பதே சரியான வழி.

இரண்டாவது, பரப்பைக் குறைப்பது. ஆவியாதல் ஆழத்தைப் பொறுத்ததல்ல, திறந்திருக்கும் பரப்பைப் பொறுத்தது. நான்கு ஏக்கரில் 5 அடி தோண்டினாலும் ஓர் ஏக்கரில் 20 அடி தோண்டினாலும் கிடைக்கும் கிரவல் ஒன்றுதான். இரண்டிலும் தண்ணீர் நின்றால், முதலாவது நான்கு மடங்கு ஆவியாகும். ஆனால் ஆழமாகப் போனால் நிலத்தடி நீரைத் தொடும் வாய்ப்புக் கூடும். ஆகவே முதல் விதிக்கு அமைந்தே இரண்டாவதைக் கையாள வேண்டும். இதற்குப் பொதுவான தீர்வு கட்டம் கட்டமாக அகழ்வது: ஒரு துண்டை முடித்து, நிரப்பி, மேல்மண் போட்ட பிறகே அடுத்த துண்டைத் திறப்பது.

மூன்றாவது, மீள நிரப்புவது. நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீற்றர் கரடுமுரடான மண் மூடினாலே ஆவியாதல் பெருமளவு குறைந்துவிடும். அதற்கு அகழ்வின் முதல் நாளிலேயே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருக்க வேண்டும். அதையும் டிப்பரில் ஏற்றி விற்றுவிட்டால் பிறகு நிரப்ப மண் இருக்காது. எதைப் போட்டு நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். நீர்மட்டத்தைத் தொட்ட குழியில் குப்பை கொட்டினால், அது ஊரின் கிணறுகள் எல்லாவற்றுக்குள்ளும் கொட்டுவதற்குச் சமம். ஆவியாதலை நிறுத்தப்போய்த் தண்ணீரையே கெடுத்த கதையாகிவிடும்.

நான்காவது, காற்றைத் தடுப்பது. நீர்ப்பரப்பின் மேலுள்ள ஈரக்காற்றை உலர்காற்று அடித்துக்கொண்டு போவதால்தான் ஆவியாதல் வேகமெடுக்கிறது. இந்த நாட்டுக்கு இது புதிய செய்தியல்ல. உலர் வலயத்தின் தொடர்குளங்களில் குளத்தின் மேல்பக்கத்தில் ஒரு மரத்தோப்பை விட்டுவைப்பார்கள். சிங்களத்தில் அதற்குக் கஸ்கொம்மன என்று பெயர். காற்றைத் தணித்து, நீர் ஆவியாவதைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இந்தத் தொடர்குள முறையை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது. நிரப்ப முடியாத குழி ஒன்றைக் குளமாகவே விடுவதென்றால், காற்று வரும் பக்கத்தில் மருது போன்ற மரங்களை நடுவது செலவு குறைந்த வழி. மரமும் தண்ணீர் குடிக்கும் என்பது உண்மைதான். அது நிழலும் மண்பிடிப்பும் தரும். வெறும் குழி எதையும் தராது.

ஐந்தாவது, குழியை அடைத்துவிடுவது. கொலராடோவில் குழியைச் சுற்றி அடிப்பாறை வரை ஒடுங்கிய அகழி வெட்டி, பெந்தோனைற் களி கலந்த மண்ணால் நிரப்பி, நிலத்தடிச் சுவர் எழுப்புகிறார்கள். அல்லது பக்கச்சரிவுகளைக் களியால் பூசுகிறார்கள். அதன் பிறகு வெளியிலுள்ள நிலத்தடி நீர் உள்ளே வராது. டென்வர், தோர்ன்டன் போன்ற நகரங்கள் இப்படி அடைத்த பழைய குழிகளை நீர்த்தேக்கங்களாகப் பயன்படுத்துகின்றன. ஆவியாதல் நிற்பதில்லை. ஆனால் ஆவியாவது அயலவரின் கிணற்று நீரல்ல, தேக்கியவரின் நீர். இதன் செலவு பெரிது. சுவர் நிலத்தடி நீரோட்டத்தை மறித்து ஒரு பக்கம் மட்டத்தை உயர்த்தி மறுபக்கம் தாழ்த்தவும் கூடும். ஆகவே நம் வீதியோரக் குழிகளுக்கு இது பொருந்தாது. பெரிய ஆற்றோர அகழ்வுகளுக்கு மட்டுமே யோசிக்கலாம்.

கடைசியாக, நீரை மூடுவது. செய்திகளில் அதிகம் அடிபடுவது இதுதான். 2015இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடி 60 இலட்சம் கறுப்புப் பிளாஸ்ரிக் பந்துகளை மிதக்கவிட்டது. படம் உலகெங்கும் போனது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பந்துகள் ஆவியாதலைக் குறைத்தது உண்மை, ஆனால் அவற்றைத் தயாரிக்கச் செலவான தண்ணீர் வறட்சிக் காலத்தில் மிச்சப்படுத்திய தண்ணீரை ஈடுகட்டியிருக்கக்கூடும் என்று காட்டியது. நீரின்மேல் மெல்லிய கொழுப்பு அற்ககோல் படலம் விடும் முறை 1950களிலிருந்து பரிசோதிக்கப்படுகிறது. காற்று அடித்தால் படலம் ஒரு கரைக்கு ஒதுங்கிவிடும். சோளகத்தில் அதற்கு ஆயுள் குறைவு. மிதக்கும் சூரியத்தகடுகள் நிழலும் மின்சாரமும் தரும். ஆனால் அவை முதலீடும் பராமரிப்பும் உள்ள இடத்துக்கே உரியவை. கைவிடப்பட்ட குழிக்கு அல்ல.

அகழ்வு நடக்கும் காலத்தில் செய்யக்கூடிய சிறிய காரியங்களும் உண்டு. கல் கழுவிய நீரை வண்டல் படியவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம். வண்டல் தொட்டியை அகலமாக இல்லாமல் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் அமைக்கலாம். வீதிக்குத் தண்ணீர் தெளிப்பதை உச்சிவெயிலில் இல்லாமல் விடிகாலையில் செய்யலாம். குழியிலிருந்து இறைக்கும் நீரைக் கண்ட இடத்தில் ஓடவிடாமல், பக்கத்தில் வெட்டிய ஊறவிடும் வாய்க்காலில் விட்டால் அயல் கிணறுகள் தாக்குப்பிடிக்கும்.

“குளமாக இருக்கட்டுமே” என்ற வாதம்

குழியை மூடச் சொன்னால் ஊரிலேயே எதிர்ப்பு வருவதுண்டு. மாடு தண்ணீர் குடிக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள், ஏன் மூட வேண்டும் என்பார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு நெல்வயலும் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ இதே அளவு தண்ணீரை வானத்துக்கு விடுகிறது. அதற்குப் பதிலாக அறுவடை தருகிறது. எனவே, ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

குழி பயன்பாட்டில் இருந்து, சரிவுகள் பாதுகாப்பாக மட்டப்படுத்தப்பட்டு, கீழேயுள்ள குளத்தின் வரத்தைக் கெடுக்காமல் இருந்தால், அதைக் குளமாக ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவைக் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் அறிந்து எடுக்க வேண்டும். அகழ்ந்தவர் நிரப்பும் செலவைத் தவிர்ப்பதற்காக “குளம் வெட்டிக் கொடுத்தோம்” என்று சொல்லிவிட்டுப் போவது முடிவெடுப்பதாகாது.

இங்கே யாரிடம் கேட்பது?

இலங்கையில் கனிய அகழ்வு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதிப்பத்திரம் வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். நிலத்தின் மேற்பரப்பில் மொத்தம் 10 ஹெக்டேயரைத் தாண்டும் அகழ்வு, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் மதிப்பீடு தேவைப்படும் செயற்றிட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. வீதிகளின் இருமருங்கிலும் நாம் காணும் கிரவல் குழிகளில் பல அதைவிடச் சிறியவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய குழி. ஒரே குளத்தின் நீரேந்து பகுதியில் ஓர் ஏக்கர் குழிகள் பத்து இருந்தால், நாளுக்கு நாற்பது பவுசர். ஆகவே குழியைத் தனியாகப் பார்க்காமல் நீரேந்து பகுதியை ஒன்றாகப் பார்த்துக் கணக்கிடுவதே பொருத்தமானது.

கொலராடோவின் நீருரிமைச் சட்டத்தை இங்கே கொண்டுவர முடியாது. அங்கே தண்ணீர் வாங்கி விற்கும் சொத்து. இங்கே அப்படியல்ல, அப்படி ஆக வேண்டும் என்றும் இந்தக் கட்டுரை சொல்லவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கேட்கும் கேள்விகளை. உங்கள் கிராமத்தில் ஒரு அகழ்வுக்கு அனுமதி கோரப்பட்டால், பிரதேச செயலகக் கூட்டத்திலோ கமக்காரர் அமைப்பிலோ இவற்றைக் கேட்கலாம்:

மாரி முடிவில் இந்தக் காணியின் நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது? அதை அளந்தது யார், எந்த மாதத்தில்?

அகழ்வின் அடித்தளம் அதற்கு மேலேயா கீழேயா?

ஒரே நேரத்தில் எத்தனை ஏக்கர் திறந்திருக்கும்? முந்திய துண்டு நிரப்பப்பட்ட பிறகா அடுத்தது திறக்கப்படும்?

மேல்மண் எங்கே குவிக்கப்படும்?

குழியில் தண்ணீர் நின்றால் ஆண்டுக்கு எத்தனை இலட்சம் லீற்றர் ஆவியாகும்? அந்தத் தண்ணீர் எந்தக் குளத்துக்கு, எந்தக் கிணறுகளுக்குச் சேர வேண்டியது?

நிறுவனம் போன பிறகு நிரப்பும் செலவுக்கு எவ்வளவு பணம், யாரிடம் வைப்பில் இருக்கிறது? குழியை உண்மையாகவே நிரப்ப அது போதுமா?

இவற்றில் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. கிணற்றை அளக்க ஒரு கயிறும் கல்லும் போதும். மாதத்துக்கொரு முறை ஒரே நாளில் நான்கு கிணறுகளை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், இரண்டு ஆண்டுகளில் எந்த அதிகாரியும் புறக்கணிக்க முடியாத ஆவணம் ஒன்று ஊரின் கையில் இருக்கும். அகழ்வு தொடங்குவதற்கு முன்னரே அந்தக் கொப்பி தொடங்கப்பட வேண்டும். குழி வந்த பிறகு அளந்தால், முன்னர் தண்ணீர் எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி எதுவும் இருக்காது.